பெப்பர்மின்ட் செடியும் என் மூக்கும்

நான் கல்யாணச் சமையல்காரன். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வாசலில் நின்று நிமிர்ந்தால் கொல்லிமலை தெரியும். நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர், சேலம் என்று இருபத்தைந்து வருடங்களாக அண்டாவும் கரண்டியுமாக அலைந்துகொண்டிருக்கிறேன். ருசி பார்ப்பதெல்லாம் எங்கள் தொழிலில் கடைசியில்தான். ஐந்நூறு பேருக்குக் கொதிக்கிற குழம்பை நிமிஷத்துக்கு ஒருதரம் உள்ளங்கையில் விட்டு நக்கிக்கொண்டிருக்க முடியாது. மல்லி வறுபட்டதா, வெங்காயத்தின் பச்சை வாடை போனதா, நெய் பதத்துக்கு வந்ததா, அடி பிடிக்கப்போகிறதா என்பதையெல்லாம் மூக்குதான் சொல்லும். மற்ற சமையல்காரர்களைவிட எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை என்று எனக்குள் ஒரு கர்வமும் இருந்தது.

கொரோனா வந்து அந்த மூக்கைக் கொண்டுபோயிற்று. காய்ச்சல் ஐந்து நாளில் இறங்கிவிட்டது. இருமல் இரண்டு வாரத்தில் நின்றது. வாசனை மட்டும் திரும்பவில்லை. எல்லாருக்கும் வருவதுதானே, தானாகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஒருநாள் காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த என் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"ஏனுங் மாமா, பாலு தீஞ்சு ஊடே நாறுது, அதும் முன்னாலயே உக்காந்துட்டு பேப்பர் படிக்கறீங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். பாத்திரம் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. எனக்கு எதுவுமே வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அலமாரியிலிருந்து மல்லித்தூள் டப்பாவை எடுத்து என் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். பெருங்காயத்தைப் பிடித்தாள். கொல்லையில் இருந்த புதினாவைப் பறித்துக் கசக்கிப் பிடித்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையை ஆட்டினேன். வெறும் காற்றை இழுப்பதுபோலத்தான் இருந்தது.

"ஆருக்கும் சொல்லவேண்டாம்" என்றேன்.

"நான் ஆருகிட்டப் போய்ச் சொல்றேன்" என்றாள்.

சொல்லிவிட்டால் தொழில் போய்விடும் என்று பயந்தேன். கண் தெரியாதவனிடம் லாரியைக் கொடுப்பார்களா? ஊரடங்கு முடிந்து அப்போதுதான் கல்யாணங்கள் மறுபடியும் நடக்கத் தொடங்கியிருந்தன. கைப்பழக்கத்தையும் கடிகாரத்தையும் நம்பி நான்கைந்து இடங்களில் சமைத்தேன். அளவெல்லாம் மனப்பாடம் என்பதால் எப்படியோ ஒப்பேறியது. ஆனால் ஒவ்வொரு பந்தியின்போதும், சாப்பிடுகிறவர்கள் யாராவது முகத்தைச் சுளிக்கிறார்களா என்று பரிமாறும் இடத்தில் திருடன் போல நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாட்டிக்கொண்டது சேலத்தில்.

ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் மகளின் நிச்சயதார்த்தம். வீட்டின் பின்பக்கம் பந்தல் போட்டு அங்கேயே சமையல். மட்டன் பிரியாணி, எலும்புக் குழம்பு, தயிர்ப் பச்சடி, பால் பாயசம். பிரியாணி நன்றாகவே வந்துவிட்டது. அந்தத் தெம்பில் பாயச அண்டாவை உதவிக்கு வந்த ஆளிடம் விட்டுவிட்டு இலை போடுவதைப் பார்க்கப் போனேன். அவர் கிண்டுவதை நிறுத்தி பீடி பிடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து நானே கரண்டியைப் பிடித்துக் கிண்டினேன். அடியில் கொஞ்சம் பிடித்திருந்தது கையில் தட்டுப்பட்டது. பெரிதாக ஒன்றுமிருக்காது என்று நினைத்துச் சுரண்டிக் கிளறி மேலே கொண்டுவந்துவிட்டேன். முதல் பந்திக்குப் பாயசம் போனது. போன டம்ளர்கள் அப்படியே திரும்பி வந்தன.

பெண்ணின் அம்மா பின்பக்கம் வந்தார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தவர், என் வயதுதான் இருக்கும். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. கத்தப்போகிறார் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"மாஸ்டர், கொஞ்சம் இப்படி வாங்க" என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டுப் போனார். "எத்தனை மாசமா இப்படி?"

"எதுங்கம்மா?"

"மூக்கு. பாயசம் தீஞ்ச வாடை தெருவாசல் வரைக்கும் வருது. நீங்க அண்டாகிட்டயே நின்னுட்டிருக்கீங்க, உங்க முகத்துல ஒரு சுருக்கம்கூட இல்ல. எனக்கும் எட்டு மாசம் அப்படி இருந்துச்சு. அதான் கேக்கறேன்."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அஞ்சு மாசங்கம்மா" என்றேன்.

அவர் அண்டாவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "சரி, அதை மூடி வச்சிடுங்க. வீட்ல ரவை இருக்கு, நெய் இருக்கு. ரெண்டாம் பந்திக்குக் கேசரி கிண்டிடலாம். ரவை வறுபடறதை நான் பக்கத்துல நின்னு மோந்து சொல்றேன்."

"நீங்க எதுக்குங்கம்மா அடுப்புகிட்ட, விசேஷ ஊட்டுக்காரங்க..."

"கிண்டுங்க மாஸ்டர், பந்தி நிக்குது."

பட்டுப் புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த அனலில் என் பக்கத்தில் நின்றார். "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும், தண்ணி விடுங்க" என்றார். கேசரி நன்றாக வந்தது. எனக்கு அது எப்படி மணத்தது என்று தெரியாது. பாயச டம்ளர்களைப்போல அது திரும்பி வரவில்லை, அவ்வளவுதான் தெரியும். சம்பந்தி வீட்டாரிடம் அவர் என்ன சொல்லிச் சமாளித்தார் என்பதை இன்றுவரை நான் கேட்டதில்லை.

கூட்டமெல்லாம் கலைந்த பிறகு என்னை மாடிக்குக் கூப்பிட்டார். தண்ணீர் டேங்கின் நிழலில் வரிசையாகச் செடித் தொட்டிகள். ஒன்றில் புதினா போல ஒரு செடி அடர்ந்திருந்தது. இலை கொஞ்சம் கூராக, கரும்பச்சையாக இருந்தது. தண்டு பீட்ரூட் சாறு பட்டதுபோல் செவ்வூதா நிறத்தில் இருந்தது. இரண்டு இலைகளைப் பறித்துக் கசக்கி என்னிடம் கொடுத்தார்.

"புதினா மோந்து பாத்துட்டேங்கம்மா. ஒண்ணும் வரல."

"இது பிரியாணிக்குப் போடற புதினா இல்ல. பெப்பர்மின்ட். இழுத்துப் பாருங்க."

இழுத்தேன். வாசனை இல்லை. ஆனால் மூக்கின் உச்சியில், இரண்டு கண்களுக்கும் நடுவே, சில்லென்று ஏதோ ஒன்று ஏறியது. மார்கழி விடியற்காலையில் வண்டியில் போகும்போது ஏறுமே, அந்தமாதிரி. ஐந்து மாதமாக என் மூக்குக்குள் எதுவுமே நுழைந்ததாகத் தெரியவில்லை. இது நுழைந்தது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் அதே குளிர்.

"வாசன வரலைங்கம்மா. ஆனா சில்லுங்குது."

"அதான் வேணும். வாசனைக்கு நரம்பு வேற, குளிர்ச்சிக்கும் காரத்துக்கும் நரம்பு வேற. இது உங்களுக்குக் கெடல. மிளகாய் நெடி அடிச்சா தும்மல் வருதா?"

வந்தது. முந்தின வாரம் இதே சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போயிருந்தபோது மிளகாய் மூட்டைக் கடையில் நின்று கண்ணீர் வழிய வழியத் தும்மியிருந்தேன். வாசனை வராமல் தும்மல் மட்டும் எப்படி வந்தது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

டாக்டர் தனக்குச் சொன்ன பயிற்சியை அவர் எனக்குச் சொன்னார். நான்கு சின்ன பாட்டில்கள். ஒன்றில் பெப்பர்மின்ட் இலை, ஒன்றில் கிராம்பு, ஒன்றில் எலுமிச்சைத் தோல், ஒன்றில் காப்பித்தூள். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் மெதுவாக முகர வேண்டும். முகரும்போது, அது எப்படி மணக்கும் என்பதை மனசுக்குள் நினைத்துப் பார்க்க வேண்டும். "மத்த மூணும் வெறும் காத்தாத்தான் இருக்கும், சலிச்சுப் போயிடும். இது ஒண்ணு மட்டும் பதில் சொல்லும். அதுக்காகவே உக்காருவீங்க. எனக்கு அப்படித்தான் ஆச்சு. ஒரு காது மூக்கு டாக்டரையும் பாத்துடுங்க" என்றார். பிறகு ஐந்து தண்டுகளை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். "விதை வாங்கி ஏமாந்துடாதீங்க. பாக்கெட்டுல படம் போட்டு விக்கிறாங்க, நானே ஏமாந்தேன். இது விதையே பிடிக்காத செடி. தண்டுதான் நடணும்."

துணிச்சுருளை மடியில் வைத்துக்கொண்டு ராசிபுரம் வழியாகப் பஸ் மாறி வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அதைப் பிரித்துப் பிரித்து முகர்ந்துகொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அடுத்த நாளே துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரமான இடமாகப் பார்த்து நட்டேன். புதினா அங்கேதான் காடாக வளர்ந்தது, இதுவும் அப்படித்தான் வளரும் என்று நினைத்தேன். சோப்புத் தண்ணீரும் போர்வெல் தண்ணீரின் உப்பும் சேர்ந்து ஒரே வாரத்தில் நான்கு தண்டுகளையும் கறுக்கவைத்துவிட்டன. கையில் அந்தக் கறுத்த குச்சிகளோடு அடுக்களைக்கு வந்து, "அவ்வளவுதான், செத்துப்போச்சு" என்றேன். ஐந்தாவது எங்கே போயிற்று என்றுகூட நான் யோசித்திருக்கவில்லை.

என் மனைவி ஜன்னலைக் காட்டினாள். காலியான ஒரு காப்பி டம்ளரில் தண்ணீர். அதில் ஒரு தண்டு நின்றிருந்தது. அடியில் வெள்ளை நூல்போல வேர்கள்.

"நீங்க எல்லாத்தயும் ஒரே எடத்துல நட்டீங்க. எனக்கு மனசு கேக்கல. அதான் ஒண்ண மட்டும் எடுத்து வச்சேன்."

அவளே அதை மண்ணுக்கு மாற்றினாள். வாய் உடைந்த ஒரு பெயின்ட் வாளி, செம்மண்ணும் மக்கிய ஆட்டாம்புழுக்கையும் தேங்காய்நாரும் கலந்த மண், குடிக்க வருகிற காவிரித் தண்ணீர். வீட்டின் கிழக்கு ஓரத்தில், காலை வெயில் மட்டும் படுகிற இடம். இரண்டு மாதத்தில் தண்டுகள் வாளி விளிம்பைத் தாண்டித் தொங்கின. தொங்கிய தண்டு தரையில் பட்ட இடத்திலெல்லாம் வேர்விட்டது. சித்திரை வெயிலில் இலைகளின் ஓரம் தீய்ந்து சுருண்டபோது நான் பதறினேன். சேலத்துக்குப் போன் செய்தேன். "ஒட்ட வெட்டிட்டு மேல வைக்கோல் போட்டு வைங்க, வேர் சாகாது" என்றார் டீச்சர். ஒட்ட வெட்டினேன். முதல் மழை இறங்கிய நான்காம் நாள் செவ்வூதாவாகக் குருத்துகள் முளைத்தன.

பயிற்சியும் நடந்துகொண்டிருந்தது. காலையில் காப்பி குடிக்கும் நேரத்தில் பாட்டில்களை எடுத்துக்கொண்டு உட்காருவேன். என் மனைவியும் எதிரில் உட்காருவாள். அது எப்படி மணக்கும் என்று நினைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்களே, எனக்கு நினைவே வரவில்லை. இருபத்தைந்து வருடம் கிராம்போடு புழங்கியவனுக்குக் கிராம்பின் வாசனை மனசில் எழவில்லை. அதனால் அவளைச் சொல்லச் சொன்னேன்.

"எலுமிச்சம்பழம் எப்படி இருக்கும், சொல்லு."

"அது வந்து... மோந்தாலே பல்லு கூசுமுங்க."

"கிராம்பு?"

"பல்லுவலிக்கு வச்சுக்கற மாதிரி. வெத்தலபாக்குக் கடை வாசல்ல நின்னா வருமே, அது."

"காப்பித்தூளு?"

பாட்டிலை வாங்கி ஒருதரம் முகர்ந்தாள். "மழ நாள்ல எந்திரிக்கச் சோம்பலா இருக்கும்ல, அப்ப ஆராச்சும் போட்டுக் குடுத்தா எப்படியிருக்கும், அப்படி." அப்புறம் அவளே சிரித்துவிட்டாள். "எனக்கு ஆரு போட்டுக் குடுத்தா!"

அடுத்த நாளிலிருந்து காலைக் காப்பியை நான் போட்டேன். வாசனை தெரியாமல் போட்ட காப்பிதான். நன்றாக இருக்கிறதென்று சொல்லிக் குடித்தாள்.

அவளை வேலைக்கும் கூட்டிப்போகத் தொடங்கினேன். டீச்சர் அடுப்பருகில் நின்றதை வீட்டில் சொல்லியிருந்தேன். "அவிய நின்னாங்களாம், நான் நிக்கமாட்டனா?" என்று அவளாகவே கிளம்பினாள். கூடமாட ஒத்தாசைக்கு என்று வெளியே சொல்லிக்கொண்டோம். நான் மல்லியை வறுக்கும்போது பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டே இருப்பாள். பதம் வந்ததும் தலையைத் தூக்காமல் "ஆச்சுங்க மாமா" என்பாள். வெங்காயம் வதங்கும்போது, "இன்னும் பச்ச இருக்குது." ஒரு வீட்டில் கொடுத்த தேங்காய்களை உடைத்ததுமே, "இதுல நாலு சிக்கு வாடை அடிக்குதுங்க, தனியா வையுங்க" என்றாள். நான் கையில் வாங்கிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தன. மூக்கு நன்றாக இருந்த காலத்தில்கூட அந்த நான்கையும் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இத்தனை வருடம் இந்த மூக்கை வீட்டில் வைத்துவிட்டு நான் ஊர் ஊராகப் பெருமை பேசியிருக்கிறேன்.

பெப்பர்மின்டைச் சமையலிலும் சேர்த்துப் பார்த்தேன். கல்லூரியில் படிக்கிற மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, புதினாவுக்குப் பதில் இதைக் கைநிறையப் போட்டு பிரியாணி செய்தேன். ஒரு வாய் வைத்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"அப்பா, பல்லு தேய்க்கற பேஸ்ட்டப் போட்டுப் பிரியாணி பண்ணீங்களா?"

அந்தப் பிரியாணியை நான் ஒருவனே இரண்டு வேளை சாப்பிட்டேன். எனக்கு அதில் குளிர்ச்சியாவது தெரிந்தது. சூட்டில் வேகிற எதற்கும் இது ஆகாது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். நீர்மோரில் நான்கு இலை கிள்ளிப் போட்டால் தொண்டை வரை குளிரும். எலுமிச்சை சர்பத்தில் சேரும். டீயில் கொதிக்கவிடாமல், இறக்கியபின் போட்டு மூடிவைத்தால் சேரும். சாப்பாடு கனத்த நாட்களில் வெந்நீரில் போட்டுக் குடித்தால் வயிறு லேசாகும். கோடைக் கல்யாணங்களில் வாசலில் மோர் கொடுக்கும்போது இரண்டு கொத்து கொண்டுபோய்ப் போடுவோம். ஜனங்கள் இரண்டாவது டம்ளர் கேட்பார்கள்.

மூக்கு திரும்பிய நாளைச் சொல்லவேண்டும். ஆத்தூரில் ஒரு வீட்டு விசேஷத்துக்குச் சமைக்க நானும் என் மனைவியும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஒரு சவ்வரிசி ஆலை. மரவள்ளிக்கிழங்கைக் கழுவி அரைத்து வடிக்கிற தண்ணீர் தேங்கிப் புளித்து நாறும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது பழகிய நாற்றம்தான். இருந்தாலும் அந்த இடம் வந்ததும் பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொள்ளும். அன்றும் முன்சீட்டுப் பெண் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்தாள். யாரோ ஜன்னல் கண்ணாடியை இழுத்தார்கள். என் மனைவியும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ஏதோ வந்தது. முதலில் நம்பவில்லை. எங்கோ தூரத்தில், புளித்த மாவுபோல. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். குளிர்ச்சியில்லை, காரமில்லை. நாற்றம். சுத்தமான, முழு நாற்றம். நான் கண்ணாடியை மறுபடி திறந்து தலையை வெளியே நீட்டினேன்.

"ஏனுங், என்ன பண்றீங்க? உள்ள வாங்க, நாத்தம் புடுங்குது!" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆமா புள்ள, நாறுது."

"அதத்தான நானும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். மூக்கைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். "நாறுதுங்களா? மெய்யாலுமா?"

"நாறுது. புளிச்ச நாத்தம்."

பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் அழுதுகொண்டே மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தோம். கண்டக்டர் ஏதோ துக்கத்துக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கவேண்டும். டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். ஆத்தூரில் இறங்கியதும் முதல் வேலையாக டீச்சருக்குப் போன் செய்தேன். "சவ்வரிசி ஆலை நாத்தம் வந்துடுச்சுங்கம்மா" என்றேன். மறுமுனையில் அவர் சிரித்த சிரிப்பு அடங்கக் கொஞ்சநேரமாயிற்று. "எனக்கு முதல்ல வந்தது சாக்கடை, மாஸ்டர்" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக, ஒழுங்கில்லாமல் வந்தன. கிராம்பு ஒரு மாதத்தில் வந்தது. எலுமிச்சை அதற்குப் பிறகு. பெப்பர்மின்டின் வாசனையே கடைசியில்தான் வந்தது. அத்தனை மாதம் குளிர்ச்சியாக மட்டும் தெரிந்ததற்குள் இப்படி ஓர் இனிப்பு மணம் இருந்திருக்கிறது. காப்பி இன்னும் சரியாகவில்லை, டயர் எரிகிற மாதிரிதான் இருக்கிறது. வெங்காயம் வதங்கும்போது சில நாள் மணக்கும், சில நாள் குமட்டும். முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்று, டீச்சர் சொன்னபடி நான் போய்ப் பார்த்த டாக்டர் சொல்லியிருக்கிறார். போகட்டும். அரை மூக்கோடு சமைக்க எனக்குத் தெரியும், மீதி அரைக்கு ஆள் இருக்கிறது.

இப்போது கிழக்கு ஓரம் முழுக்க அந்தச் செடிதான். யார் கேட்டாலும் ஒடித்துக் கொடுக்கிறோம். ஒரு தண்டைத் தண்ணீரில் போட்டு வையுங்கள், எல்லாவற்றையும் மண்ணில் நடாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். இதே மாதிரி மூக்கு போனவர்கள் மூன்று பேர் வந்து வாங்கிப்போயிருக்கிறார்கள். ஒருவருக்கு வாசனை வந்துவிட்டது. மற்ற இரண்டு பேர் இன்னும் முகர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு போன் வந்தது. புதுமனை புகுவிழாவாம், முந்நூறு பேருக்குச் சமையல். நான்தான் எடுத்தேன்.

"மாஸ்டருங்களா? அம்மா இருக்காங்களா?"

"எந்த அம்மாங்க?"

"உங்ககூட வருவாங்களே, அடுப்புகிட்ட நின்னு பதம் சொல்லுவாங்களே, அவங்கதானுங்க. என்ற மச்சான் ஊட்டு விசேஷத்துல பாத்தனுங்க. அவங்க வந்து சமைச்சாத் தேவலைங்க. நீங்களும் கூட வந்தாச் சரிதான்."

நான் போனை என் மனைவியிடம் நீட்டினேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எந்த நாள், எத்தனை பந்தி, விறகா கேஸா, தண்ணி வசதி எப்படி என்று நான் கேட்கிற வரிசையிலேயே கேட்டாள். கடைசியில் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, வெசாழக்கெழமயாம். நீங்க வாரீங்களா?"

"வாரேன்" என்றேன்.